பத்தே முக்காலுக்கு ஊதிய மத்தியானச் சங்கு

மலையகத்தில் ஒரே நேரத்தில் இருநூறு பேரை வேலையிலிருந்து இறக்குவது லேசான காரியமல்ல. அதற்குக் கூட்டம் போட வேண்டும், மாலை வாங்க வேண்டும், தொண்டை கிழியக் கத்த வேண்டும். நான் எந்தத் தொழிற்சங்கத்திலும் இருந்ததில்லை. கழுத்தில் மாலை விழுந்தது என் கல்யாணத்தன்று மட்டும்தான். ஆனாலும் இருபத்திரண்டு வயதில், அக்கரப்பத்தனைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்தையே ஒரு வியாழக்கிழமை வேலையை விட்டு இறக்கிய சாதனை எனக்கு உண்டு. போராட்டம் நடத்தியல்ல, பொட்காஸ்ட் போட்டு. (அந்தச் சொல்லுக்கு அப்போது எங்கள் பக்கத்தில் அர்த்தம் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.)

எல்லாவற்றுக்கும் மூல காரணம் பாஸ்கரன் சேரின் முழங்கால். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். கணக்குப் படிப்பிக்க ஹட்டனுக்கு வந்தவர், பென்ஷன் எடுத்த பிறகும் ஊருக்குப் போகாமல், பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு பேக்கரியின் மாடியில் ‘கீர்த்தி விளம்பர நிலையம்’ என்று போர்டு மாட்டி உட்கார்ந்துவிட்டார். அங்கே மொத்தம் இரண்டே பேர். அவர் நிர்வாகம், செல்வி என்கிற நான் மற்ற எல்லாம். நோட்டீஸ் எழுதுவது, பேனர் கட்டுவது, ஆட்டோக் கூரையில் இரண்டு ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு ‘இன்றே விஜயம் செய்யுங்கள்’ என்று தெருத்தெருவாகக் கெஞ்சுவது, இவ்வளவுதான் எங்கள் தொழில்.

இரண்டாயிரத்து ஏழாம் வருஷம், விளம்பரத் தொழிலில் இருப்பவர்களுக்குக் கொழும்பில் ஒரு நாள் பயிற்சி என்று சேருக்கு அழைப்பு வந்தது. முழங்கால் விடவில்லை. “நீர் போய் வாரும் பிள்ளை. எல்லாத்தையும் வடிவா எழுதிக்கொண்டு வாரும்” என்று என்னை அனுப்பினார்.

போனேன். பெரிய ஹோட்டல். குளிரை மெஷின் வைத்து உண்டாக்குவதை, நுவரெலியா மாவட்டத்தில் பிறந்த நான் அன்றுதான் முதல் முதலாகப் பார்த்தேன். பேச்செல்லாம் ஆங்கிலம். மூன்றில் ஒரு பங்கு புரிந்தது, ஒரு பங்கை ஊகித்தேன், மற்றப் பங்கு மத்தியானச் சாப்பாடு. அதில் கோட்டுப் போட்ட ஒரு அம்மா பேசியது மட்டும் மனதில் ஒட்டிக்கொண்டது. ‘மக்களிடம் கண்ணை இரவல் கேட்காதீர்கள், காதைக் கேளுங்கள். கை வேலையாக இருக்கும்போதும் காது சும்மாதான் இருக்கும். அந்தக் காதுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள், கூவி விற்காதீர்கள். வாராவாரம் அதே நாளில் போனால் நாலாவது வாரம் நீங்கள் அந்த வீட்டு ஆள்.’ அதற்குப் பெயர் பொட்காஸ்ட் என்றார். ரயிலில் ஹட்டனில் வந்து இறங்கியபோது, அதைக் கண்டுபிடித்ததே நான்தான் என்ற எண்ணம் எனக்கு வந்திருந்தது.

“சேர், இனிமே நோட்டீஸ் எல்லாம் வேலைக்காகாதுங்க. பொட்காஸ்ட்தாங்க” என்றேன்.

“அதென்ன பிள்ளை, றேடியோவோ?”

“ரேடியோ மாதிரிதாங்க, ஆனா ரேடியோ இல்லீங்க. நெட்டுல போட்டு வச்சிருவோம். வேணுங்கிறவங்க வேணுங்கிற நேரத்துல எடுத்துக் கேப்பாங்க.”

“வேண்டாமெண்டுறவன்?”

“அவங்க கேக்க மாட்டாங்க.”

“அப்ப, சனம் வேண்டாமெண்டு சொல்லக்கூடிய விளம்பரம். நல்ல துணிச்சல்தான்.” சேர் முழங்காலைத் தடவிக்கொண்டார். “நோட்டீஸ் குடுத்தால் சனம் அதிலை வடை சுத்திப்போடும். குரலிலை வடை சுத்தேலாது. சரி, செய்து பாப்பம்.”

செய்து பார்க்க எங்களுக்கு அகப்பட்டவர் அன்னம் புடவைக்கடை நடராஜா முதலாளி. வருஷம் முழுவதும் எங்களுக்கு வேலை கொடுத்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் சித்திரைக்கும் தீபாவளிக்கும் எட்டிப் பார்க்கிற விருந்தாளிகள். அந்த வருஷம் அவர் கடைக்கு எதிரே மூன்று மாடியில் புதுக்கடை ஒன்று வந்திருந்தது. ஆள் கிட்டே போனால் தானாகத் திறக்கிற கண்ணாடிக் கதவு. அந்தக் கதவு திறப்பதைப் பார்க்கவே சனம் உள்ளே போனது. போனவர்கள் சும்மா திரும்பவில்லை, பையோடு திரும்பினார்கள்.

“தீவாளி வரைக்கும் பாக்குறேன் சேர்” என்றார் முதலாளி. “அதுக்குள்ள சனம் வரல்லன்னா நானும் கண்டிப் பக்கம் வேற ஆளப் பாத்துக்கிறேன். கோவிச்சுக்காதீங்க.”

கோபித்துக்கொள்ள நேரம் இல்லை, பயப்படத்தான் நேரம் இருந்தது. முதலாளி போனால் நிலையம் மூடும். நிலையம் மூடினால் நான் தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவுக்கு வேலைக்குப் போக வேண்டும். (கொழுந்தெடுக்க மலைக்குப் போகிற தாய்மார் குழந்தைகளை விட்டுப்போகிற இடம் அது. தீபாவளிக்குப் பிறகு அங்கே ஒரு வேலை காலியாகிறது என்று தெரிந்து, அம்மா எனக்காகச் சொல்லி வைத்துவிட்டாள்.) பிள்ளைகளை எனக்குப் பிடிக்கும். நாற்பது பிள்ளைகள் ஒன்றாக அழுவது பிடிக்காது. வீட்டில் என் பக்கம் நின்றவர் அப்பா மட்டும்தான்.

“அதுக்குப் புடிச்சத அது செய்யட்டும், லெட்சுமி. ஒரு தீவாளி வரைக்கும் பொறுத்தா என்னா?” என்று அம்மாவிடம் சொன்னார்.

அப்பா சுப்பையா, தோட்டத்து ஸ்டோரில் எஞ்சின் ரூமில் வேலை. தேயிலைத் தொழிற்சாலையைத்தான் நாங்கள் ஸ்டோர் என்போம். வேலை நேரத்தை அறிவிக்கிற ஸ்டோர்ச் சங்கை ஊதுவது அவர்தான். முப்பது வருஷம், ஒரு நிமிஷம் பிந்தியதில்லை, முந்தியதில்லை. தோட்டத்தில் பிள்ளை பிறந்த நேரத்தைக்கூட ‘சங்குக்கு முன்னாடி’, ‘சங்குக்குப் பின்னாடி’ என்றுதான் சொல்வார்கள்.

முதல் நிகழ்ச்சியை நினைத்தால் இன்றும் காது சூடாகிறது. ‘அன்பார்ந்த நேயர் பெருமக்களே’ என்று ஒரு குரல் தொடங்குகிறது. அது என் குரலாம். செய்தி வாசிப்பவர்போல் இருக்க வேண்டும் என்று நினைத்து முழுவதும் மூக்காலேயே பேசியிருக்கிறேன். பிறந்ததிலிருந்து ‘சீலை’ என்று சொன்னவள், அன்றைக்கு மட்டும் ‘வண்ண ஆடையணிகள்’ என்றேன். அதற்குப் பிறகு முதலாளி வந்தார். கடையைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால், கப்பலேறி வந்த தாத்தாவிலிருந்து தொடங்கினார். பதினோரு நிமிஷம் பேசி, அவருடைய அப்பாவின் கல்யாணம் வரைக்கும்தான் வந்து சேர்ந்தார். கடை இன்னும் திறக்கவே இல்லை.

இப்படி மூன்று வாரம், மூன்று நிகழ்ச்சி. தபால்கந்தோருக்குப் பக்கத்து நெட் கடையில் ஒவ்வொன்றையும் ஏற்றி முடிப்பதற்குள் கரண்ட் இரண்டு தடவை போகும். மூன்று வார முடிவில் எங்கள் பொட்காஸ்ட் கேட்கப்பட்டது மொத்தம் ஐந்து தடவை. அதில் மூன்று தடவை நான். ஒரு தடவை நெட் கடைக்காரர், அதுவும் கை தவறி அழுத்தியது. மீதி ஒன்று டொரன்டோவில் இருக்கிற பாஸ்கரன் சேரின் மச்சான்.

முதலாளி விடவில்லை. “எத்தன பேரு கேக்குறாங்க?” என்றார்.

“கனடாவுலகூடக் கேக்குறாங்க முதலாளி” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

“கனடாவுல இருக்கிறவரு அட்டனுக்கு வந்து சீல எடுப்பாரா?”

உதவிக்குச் சேரைப் பார்த்தேன். சேர் ஜன்னலுக்கு வெளியே ரயில்வே ஸ்டேஷனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் நிகழ்ச்சியை வீட்டில் போட்டுக் காட்டினேன். இரண்டாவது நிமிஷத்தில் அம்மா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள். அப்பா கடைசிவரைக்கும் மரியாதையாகக் கேட்டார்.

“நல்லாத்தான் இருக்கு பாப்பா. யாரு பேசுறது?”

“நான்தாம்ப்பா.”

“நீயா? உனக்குச் சளி புடிச்சிருந்துச்சா?”

பெற்ற அப்பாவுக்கே அடையாளம் தெரியாத குரலில், பெறாதவர்களிடம் சீலை விற்கப் பார்த்திருக்கிறேன். கோட்டுப் போட்ட அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பேசச் சொன்னார். நான் மேடையேறிப் பேசிக்கொண்டிருந்தேன். அன்று பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் ரெக்கார்டரோடு போய் உட்கார்ந்தேன்.

“அம்மா, அந்த வேட்டிக் கதையச் சொல்லும்மா.”

“எதுக்குடி அது இப்ப?”

“சும்மா, ஆபீசுக்கு.”

ஆபீஸ் என்றால் பாஸ்கரன் சேர் ஒருவர்தான் கேட்பார் என்று அம்மா நினைத்தாள். நான் திருத்தவில்லை. சந்தோஷமாக, கையை ஆட்டி ஆட்டி, ஒன்று விடாமல் சொல்லி முடித்தாள். அந்தக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். அதைவிடப் பெரிய குற்றம் அடுத்த நாள் நடந்தது.

நிகழ்ச்சி தொடங்கும்போது ஒரு சத்தம் வேண்டும், கேட்டவுடனே இது நம்முடையது என்று தெரிய வேண்டும் என்று அந்தப் பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். எங்களுடைய சத்தம் என்ன? எனக்குச் சந்தேகமே வரவில்லை. ரெக்கார்டரை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். அப்பா அதற்காகக் கோயில் சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார். காலைச் சங்கு, மத்தியானச் சங்கு, சாயந்திரச் சங்கு மூன்றில் மத்தியானச் சங்குதான் நீளமானது, கம்பீரமானது. அதையே பதிவு செய்தேன்.

“பாப்பா, நம்ம சங்கு கனடா வரைக்கும் கேக்குமா?” என்றார் அப்பா, கைப்பிடியை விட்டுவிட்டு.

“கேக்கும்ப்பா.”

அவர் சட்டைக் கொலரைச் சரி செய்துகொண்டார். (புது நிகழ்ச்சியைக் கேட்ட சேரின் மச்சான் ‘தொடக்க இசை பிரமாதம், எந்த வாத்தியம்?’ என்று எழுதியிருந்தார்.)

கேட்பவர்களை எங்கே தேடுவது என்பதும் அப்போதுதான் தோன்றியது. கை வேலையாக, காது சும்மா இருக்கிறவர்கள் யார்? நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிற மலை முழுக்க அவர்கள்தானே!

“உது பொட்காஸ்டோ பிள்ளை? ஆட்டோவிலை கொண்டுபோய்ப் போடுறது?” என்று கேட்டார் சேர்.

“அவங்க நெட்டுக்கு வர மாட்டாங்க சேர். நாம நெட்ட ஆட்டோவுல ஏத்திக்கிட்டுப் போவோம்.”

எங்கள் தோட்டத்துக் கண்டாக்கையாவைப் பிடித்தேன். மலை வேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தர் அவர். அவர் தோட்டத்து மேனேஜரான துரையிடம் பேசி அனுமதி வாங்கித் தந்தார். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குச் சங்கு ஊதியதும், பெண்கள் கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்துக்கு இறங்கி வருவார்கள். தராசுக்கு முன்னால் வரிசையில் நிற்கிற அந்த நேரத்தில் பதினைந்து நிமிஷம் போடலாம். அதற்கு மேல் ஒரு நிமிஷம் கிடையாது.

அந்த வியாழக்கிழமை நல்ல மூடுபனி. தூறல் வேறு. சூரியன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மலையில் யாரும் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டு கொழுந்தெடுப்பதில்லை. நானும் ஆட்டோக்காரர் சுனிலும் பத்தரைக்கே மடுவத்தடிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். சுனில் சிங்களவர், எங்களோடு வேலை செய்து தமிழ் நன்றாகப் பேசுவார். என்னை மட்டும் ‘நங்கி’, அதாவது தங்கச்சி, என்று சிங்களத்தில்தான் கூப்பிடுவார்.

“நங்கி, இன்னும் நேரம் இருக்கு. சவுண்ட் செரியான்னு ஒருக்கா பாப்பமா?” என்றார்.

‘நல்ல யோசனை’ என்றேன். என் வாழ்க்கையில் அவ்வளவு மோசமான யோசனையை அவ்வளவு சந்தோஷமாக ஏற்றுக்கொண்டது வேறு இல்லை. மணி பத்தே முக்கால். நிகழ்ச்சியைப் பதிந்திருந்த சீடீயைப் போட்டு, முழுச் சத்தத்தில் வைத்துப் பட்டனை அழுத்தினேன்.

மத்தியானச் சங்கு ஊதியது. எதிர்மலையில் மோதித் திரும்பி வந்து இன்னொரு தடவை ஊதியது. எனக்கு மெய் சிலிர்த்தது. ஸ்டோரில் இருந்து வருவதைவிட எங்கள் சங்குதான் கம்பீரம் என்றுகூட நினைத்தேன்.

பனிக்குள்ளிருந்து ஒரு கூடை வந்தது. பிறகு பத்துக் கூடை. பிறகு மலையே இறங்கி வந்தது. என் கண்ணை என்னால் நம்ப முடியவில்லை. விளம்பரத்துக்கு இவ்வளவு சக்தியா! இன்னும் ஒரு வார்த்தை பேசவில்லை, தொடக்கச் சத்தத்துக்கே இத்தனை கூட்டமா! ஆட்டோவின் படியில் ஏறி நின்று, இரண்டு கையையும் விரித்து, “வாங்க வாங்க, எல்லாரும் வாங்க, மெதுவா வாங்க” என்று வரவேற்றேன். (இதை இன்றும் யாராவது நடித்துக் காட்டாமல் எங்கள் வீட்டில் ஒரு விசேஷம் முடிவதில்லை.)

அதே நேரத்தில் மற்ற இடங்களில் நடந்தவை எனக்குப் பிறகுதான் தெரிய வந்தன. பிள்ளைக் காம்பராவில் குழந்தைகளுக்குச் சோறு ஊட்டத் தொடங்கிவிட்டார்கள். தோட்டத்துப் பள்ளிக்கூடத்து ஹெட் மாஸ்டர் தன் கடிகாரம் நின்றுவிட்டதென்று முடிவு செய்து, அதைப் பன்னிரண்டுக்குத் திருப்பி வைத்தார். பங்களாவில் துரையின் சமையல்காரர் மேசையில் சோறு, பருப்பு, கோழிக்கறி எல்லாம் எடுத்து வைக்க, ஏதோ கடிதம் வாசித்துக்கொண்டிருந்த துரை தலையை நிமிர்த்தாமலே சாப்பிட்டு முடித்துவிட்டார்.

கண்டாக்கையா மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தட்டினார், காதில் வைத்துப் பார்த்தார்.

“யாரு உங்கள எறங்கச் சொன்னது?”

“சங்கு ஊதிருச்சுங்க ஐயா” என்றாள் முன்னால் நின்ற பெண்.

“பதினொண்ணுகூட ஆகல்ல!”

“அத சுப்பையா அண்ணன்கிட்டக் கேளுங்க.”

கூட்டத்துக்கு நடுவிலிருந்து என் அம்மாவின் குரல் கேட்டது. “ஐயோ, அந்த மனுசனுக்கு என்னமோ ஆயிருச்சு! முப்பது வருசமா ஒரு நிமிசம் தப்புனதில்லையே! காலையிலயே கண்ணு ஒரு மாதிரித்தான் இருந்துச்சு!”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. இருபத்திரண்டு வருஷம் அந்தச் சங்குக்கு எழுந்து, அந்தச் சங்குக்குச் சாப்பிட்டவள் நான். அதைப் பாட்டுப்போலப் பதிவு செய்துகொண்டு வந்து, அதற்குக் கீழ்ப்படிகிற மலைக்கு முன்னாலேயே போட்டிருக்கிறேன். கை நிறுத்துகிற பட்டனைத் தேடியது. ஆனால் சீடீ என்னைக் கேட்காமல் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது.

“அந்தத் தீவாளிக்கு அன்னத்துல ஒரு செகப்புச் சீல எடுத்தேன்...”

இருநூறு தலை ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தது. பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தது. அம்மா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை விவரிக்க எனக்குத் தைரியம் இல்லை.

“...எடுத்தத ஒரு வாளியில போட்டு நனைச்சேன். அதே வாளியில அவரு வேட்டியையும் போட்டுட்டேன். வெள்ள வேட்டி. கோயிலுக்குக் கட்டுறதுக்கு அது ஒண்ணுதான். எடுத்துப் பாத்தா ரோஸ் கலரு!”

முதல் சிரிப்பு பின் வரிசையில் வெடித்தது. அந்த நேரம் பார்த்து ஸ்டோர்ப் பாதையில் ஓட்டமாக வந்து சேர்ந்தார் அப்பா. மேலெல்லாம் தேயிலைத் தூசி. மூச்சு வாங்கியது.

“ஐயா, நான் ஊதல்லீங்க ஐயா! என் கை சும்மா இருந்துச்சுங்க. நம்ம சங்கு அதுவா ஊதுச்சு!”

“...அந்த மனுசன் என்னா செஞ்சாரு தெரியுமா? அந்த ரோஸ் வேட்டியக் கட்டிக்கிட்டு நேரா கோயிலுக்குப் போயிட்டாரு. ஏதோ நேத்திக்கடன்னு நெனச்சு பூசாரி தனியா விபூதி குடுத்திருக்காரு...”

கண்டாக்கையா திட்டுவதற்காக வாயைத் திறந்தவர், உதட்டைக் கடித்துக்கொண்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய தோள் குலுங்கியது. அப்பா ஒலிபெருக்கிக்கும் அம்மாவுக்கும் நடுவில், எதைப் பற்றி முதலில் கேட்பது என்று தெரியாமல் நின்றார். நான் படியிலிருந்து இறங்கினேன்.

“ஐயா, அப்பா மேல தப்பு இல்லீங்க. அந்தச் சங்கு இந்தப் பெட்டிக்குள்ள இருந்து வந்தது. நான்தான் போட்டேன்.” சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. வேலை போனது, தோட்டத்து அனுமதி போனது, எல்லாவற்றையும்விட அப்பாவின் முப்பது வருஷம் போனது.

“நிப்பாட்டு அத!” என்றார் கண்டாக்கையா.

நான் கையை நீட்டினேன். “ஐயா, ஐயா, கத முடியட்டுங்க ஐயா” என்றாள் ஒருத்தி. “வேட்டி என்னா ஆச்சுன்னு தெரியாம எப்புடிங்க மேல போறது?” என்றாள் இன்னொருத்தி. பத்துப் பேர் சேர்ந்துகொண்டார்கள். கண்டாக்கையாவுக்கும் வேட்டி என்னவாயிற்று என்று தெரிய வேண்டியிருந்தது என்பதை, பல வருஷம் கழித்து அவரே ஒப்புக்கொண்டார். அன்று அவர் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“...மறுவாரம் சீலையையும் வேட்டியையும் தூக்கிக்கிட்டு அட்டனுக்குப் போனேன். சண்ட போடத்தான் போனேன். அந்த முதலாளி ஒரு வார்த்த பேசல்ல. சீலைய மாத்திக் குடுத்தாரு. வேட்டிக்கும் நான்தான் பொறுப்புன்னு புது வேட்டி ஒண்ணும் எடுத்துக் குடுத்தாரு. அன்னையிலருந்து நான் வேற கடைப் படி ஏறுனதில்ல. அந்த ரோஸ் வேட்டிய மட்டும் எங்க வீட்டு மனுசன் இன்னும் தூக்கிப் போடல்ல. குளிருக்கு நல்லா இருக்காம்.”

மடுவம் அதிர்ந்தது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். ஆனால் மூடிய முந்தானையும் குலுங்கியதை நான் பார்த்தேன். கண்டாக்கையா விரட்ட, எல்லோரும் சிரித்துக்கொண்டே மலை ஏறினார்கள். நானும் சுனிலும் சுருட்டிக்கொண்டு கிளம்பினோம்.

அவமானம் அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். பன்னிரண்டு மணிக்கு அப்பா நிஜச் சங்கை ஊதினார். ஒருவர்கூட இறங்கவில்லை. “செல்வி மறுபடியும் போட்டுட்டாடி!” என்று சிரித்துவிட்டுக் கொழுந்தெடுத்துக்கொண்டே இருந்தார்கள். அப்பா காத்துப் பார்த்து, முப்பது வருஷத்தில் முதல் தடவையாக இரண்டாவது முறை ஊதினார். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்களாம். கடைசியில் அவரே ரோட்டோரத்துக்கு வந்து, தலைத்துண்டை அவிழ்த்து வீசி, “நெச சங்குதான் தாயி, எறங்குங்க! நெச சங்கு!” என்று மலையைப் பார்த்துக் கத்த வேண்டியதாயிற்று.

அன்று சாயந்திரம் அவர் முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை. மன்னிப்புக் கேட்டேன். “என்னா செய்றது பாப்பா, ஆளுங்க சிரிச்சாங்க, நெறைய நாளைக்குப் பொறகு சிரிச்சாங்க” என்றார். குரல் மட்டும் சரியாக இல்லை. அம்மா எனக்குக் கூடுதலாக ஒரு ரொட்டி வைத்தாள். அது மன்னிப்பா தண்டனையா என்று தெரியாமலே சாப்பிட்டேன்.

மறுநாள் துரை அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். நானும் பின்னாலேயே போனேன்.

“சுப்பையா, நான் நேத்து பதினோரு மணிக்குச் சோறு சாப்பிட்டது. தெரியுமா?” என்றார் துரை. “பொறகு பன்னெண்டுக்குச் சங்கு கேட்டு மறுபடியும் போய் மேசையில உக்காந்தது.” சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார் என்பது எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் புரிந்தது. பெண்கள் அடுத்த நிகழ்ச்சி எப்போது என்று கண்டாக்கையாவைப் பிடுங்கி எடுக்கிறார்களாம். “வரலாம். ஆனா அந்தச் சங்கு வேணாம்” என்றார் துரை.

“சங்கு இருக்கட்டுங்க துரை” என்றார் அப்பா. நான் திகைத்துப் போனேன். துரை முன்னால் அப்பா மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. “அது கனடா வரைக்கும் போயிருக்குங்க. இப்ப எடுத்துட்டா மரியாத இல்லீங்க. அது ஊதுறதுக்கு முன்னாடி நான் வந்து ஒரு வார்த்த சொல்லிடுறேங்க.”

ஞாயிற்றுக்கிழமை நான் ஹட்டன் பஸ்ஸில் போய் இறங்கியபோது, அன்னம் புடவைக்கடை வாசலில் செருப்பு வைக்க இடம் இல்லை. அக்கரப்பத்தனை பஸ்ஸில் வந்தவர்கள் எல்லாம் கண்ணாடிக் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இந்தப் பக்கம் ஏறியிருந்தார்கள். “லெட்சுமி அக்காவுக்கு மாத்திக் குடுத்த சீல மாதிரி இருக்கா?” என்று கேட்டவர்கள் பலர். பழைய கறை வேட்டியோடு வந்து நின்ற ஆண்களும் இரண்டு பேர்.

முதலாளி என்னை ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். “புள்ள, நான் வேட்டி குடுத்தேனா? நெசமாவா?”

“குடுத்தீங்க முதலாளி. அம்மா இன்னும் அதச் சொல்லிக்கிட்டுத்தான் இருக்காங்க.”

“எனக்கு ஞாபகமே இல்லியே” என்றார். கண் கலங்கியிருந்தது. “பதினோரு நிமிசம் எங்க தாத்தா கதையச் சொன்னேன். ஒருத்தரும் கேக்கல்ல. உங்க அம்மா ஒரு வேட்டியச் சொல்லி இத்தன பேரக் கூட்டிக்கிட்டு வந்துட்டாங்க. கனடாக்காரரு இருக்கட்டும். நீங்க வாராவாரம் மலைக்குப் போங்க.” அந்த இரண்டு ஆண்களுக்கும் முணுமுணுத்துக்கொண்டே வேட்டி எடுத்துக் கொடுத்தார்.

அடுத்த வியாழக்கிழமை நிகழ்ச்சி இப்படித் தொடங்கியது: “வணக்கமுங்க. நான் ஸ்டோர்ல சங்கு ஊதுற சுப்பையா பேசுறேன். இப்ப வாறது நெச சங்கு இல்லீங்க. யாரும் வேலைய விட்டுறாதீங்க.” அதற்குப் பிறகு சங்கு. மடுவத்தில் கைதட்டல் நிற்க வெகு நேரம் ஆயிற்று. தீபாவளிக்குள் பக்கத்துத் தோட்டங்களிலும் கேட்டார்கள். கொத்மலைப் பக்கத்துப் பஸ்காரர்கள் சீடீயைப் பிரதி எடுத்து ஓட்டினார்கள். நகைக்கடைக்காரர் வந்தார், டயர்க் கடைக்காரர் வந்தார், ‘எங்கட கடைக்கும் ஒரு அம்மா கிடைப்பாவா?’ என்று சேரின் பழைய மாணவர் ஒருவர் நோட்டன் பிரிட்ஜிலிருந்து கேட்டனுப்பினார். நோட்டீஸுக்காக நாங்கள் கடை கடையாக ஏறி இறங்கிய காலம் போய், கடைகள் எங்கள் மாடிப்படி ஏறின. பாஸ்கரன் சேர் போர்டில் ‘விளம்பர நிலையம்’ என்பதற்குக் கீழே ‘பொட்காஸ்ட்’ என்று தன் கையாலேயே எழுதிச் சேர்த்தார். பிள்ளைக் காம்பரா வேலைக்கு வேறு யாரோ போனார்கள். அதைப் பற்றிப் பிறகு அம்மா பேசவே இல்லை. அவளுக்கு நேரம் இல்லை, அடுத்த கதைக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தாள்.

இன்று அந்த நிலையம் என் பொறுப்பில் இருக்கிறது. ஆனால் வீட்டில் எனக்கு எந்த மரியாதையும் கிடையாது. சாப்பிட வாருங்கள் என்று நான் கூப்பிட்டால், என் பிள்ளைகள் இருந்த இடத்திலிருந்தே கேட்பார்கள்: “நெச சங்கா, உங்க சங்கா?” என் கல்யாணத்தில் கெட்டிமேளம் என்று ஐயர் கையைத் தூக்கியபோது, கண்டாக்கையாவே பின் வரிசையிலிருந்து அந்தக் கேள்வியைக் கேட்டார். தாலி கட்டுவதற்கு முன் மாப்பிள்ளை சிரித்து முடிக்கக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

போன வருஷம் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில், விளம்பரத் தொழிலுக்கு வந்திருக்கிற இளம் ஆட்களுக்கு ஒரு நாள் பயிற்சி. இப்போது கோட்டுப் போட்டுக்கொண்டு பேசுகிற அம்மா நான். முன் வரிசையில் அப்பாவும் அம்மாவும். இந்தக் கதையை முழுவதும் சொல்லி, காதை இரவல் கேளுங்கள் என்று முடித்துவிட்டு, “சரிங்க, மத்தியானச் சாப்பாட்டுக்குப் போகலாம்” என்றேன். மண்டபமே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஒருவரும் அசையவில்லை.

அப்பா மெதுவாக எழுந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, “நெச சங்குதாங்க. எந்திரிங்க” என்றார்.

அத்தனை பேரும் எழுந்து நின்றார்கள்.